சத்தம் எங்கே தடக்கி நிற்கிறது?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "தம்பி, ஒருக்கா வந்து பாருமன். பிள்ளைக்கு ஆறு மணிக்கு சூம் வகுப்பு. கொம்பியூட்டரில சத்தம் வருதில்லை. ட்ரைவர் பழுதாப் போச்சாம், எல்லாத்தையும் அழிச்சு ஃபோர்மட் அடிக்க வேணுமாம்." ஆர் சொன்னது என்று கேட்டேன். மகனோடு ரியூஷனில் படிக்கிற ஒரு பெடியன் ஃபோனில் சொன்னானாம்.

போய்ப் பார்த்தால் மேசையில் புது மொனிட்டர். முதல் நாள்தான் வாங்கி, எச்.டி.எம்.ஐ வயரால் கொழுவியிருக்கிறார்கள். மூலையில் இருந்த ஸ்பீக்கர் ஐகனை அமத்தினேன். சத்தம் போகவேண்டிய இடமாக அந்த மொனிட்டரின் பெயர் காட்டியது. எச்.டி.எம்.ஐ வயரில் படத்தோடு சத்தமும் போகும் என்பதால், விண்டோஸ் தானாகவே பாதையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. ஆனால் அந்த மொனிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. பின்பக்கத்தில் இயர்ஃபோன் குத்துகிற ஓட்டை ஒன்று மட்டும் இருந்தது. ஐகனுக்குப் பக்கத்து அம்புக்குறியை அமத்திப் பழைய ஸ்பீக்கரைத் தெரிவுசெய்ததும் பாட்டு வந்தது. அக்கா ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறவில்லை.

ட்ரைவர் என்கிற அந்தச் சின்ன மென்பொருள் பாவம். சத்தம் வராவிட்டால் முதல் பழி அதற்குத்தான். அது குற்றவாளியாக இருக்கிற நாளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பிடிப்பதற்கு முன்னால், சத்தம் எந்த வழியால் வருகிறது, எந்த இடத்தில் தடக்கி நிற்கிறது என்று பார்க்கத் தெரியவேண்டும். அது தெரிந்தால் மிச்சம் லேசு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாட்டு நின்றால் யாரும் உடனே ரேடியோவைக் கழற்றவில்லை. பெடல் சுற்றுகிறவன் களைத்துப்போனானா, டைனமோ டயரில் முட்டுகிறதா, வயர் கழன்றதா, பிறகுதான் ரேடியோ. கொம்பியூட்டரிலும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது.

யூடியூபில் ஒரு பாட்டைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே இருப்பது பாட்டு அல்ல, எண்கள். சீடியில் ஒரு செக்கனுக்கு, ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு மட்டும் 44,100 எண்கள். வீடியோக்களில் வழக்கமாக 48,000. பிரௌசர் அந்த எண்களை விண்டோஸிடம் கொடுக்கிறது. விண்டோஸ் மற்ற செயலிகளின் சத்தத்தையும் சேர்த்துக் கலந்து ட்ரைவரிடம் கொடுக்கிறது. ட்ரைவர் அதை மதர்போர்ட் என்கிற பிரதான பலகையில் இருக்கிற ஒரு சின்னச் சிப்புக்குக் கொண்டுபோகிறது. சிப் எண்களை மின்னழுத்தமாக மாற்றிப் பச்சை ஓட்டைக்கு அனுப்ப, வயர் வழியாக அது ஸ்பீக்கருக்கு வருகிறது. காதுக்கு வருவதற்கு முன் இத்தனை கை மாறுகிறது.

இதில் ட்ரைவர் என்ற பெயர்தான் ஆட்களைக் குழப்புகிறது. பஸ் சாரதி மாதிரி ஒருவர் உள்ளே இருந்து ஓட்டுகிறார் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது மொழிபெயர்ப்பாளர் வேலை. தனிச் சிங்களத்தில் ஒரு கடிதம் வீட்டுக்கு வருகிறது. அம்மம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கடிதத்திலும் பிழையில்லை, அம்மம்மாவிலும் பிழையில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வரும்வரை அது வெறும் கடதாசி. ஒவ்வொரு கொம்பனியின் சிப்பும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது: எந்த ஓட்டையில் வயர் குத்தியிருக்கிறது, எவ்வளவு கூட்டவேண்டும், இயர்ஃபோன் குத்தினால் ஸ்பீக்கரை நிறுத்தவேண்டுமா என்பதையெல்லாம் அந்த மொழியில்தான் சொல்லவேண்டும். விண்டோஸுக்கு எல்லா மொழியும் தெரியாது. தெரிந்த ஆள் ட்ரைவர்.

முந்தி இது பெரிய தலையிடி. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைப் பூட்டிய காலத்தில் அட்டை கொம்பியூட்டரோடு கதைக்கிற வழிகளுக்கு எந்த இன்டரப்ட் எண், எந்த டிஎம்ஏ எண் என்று நாங்களே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று பிசகினாலும் ஊமை. 2004இல் இன்டெல் ஹை டெஃபினிஷன் ஓடியோ என்ற பொது விதிமுறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. அந்த விதிப்படி செய்த சிப்புகளோடு ஓரளவு கதைக்கக்கூடிய பொது ட்ரைவர் ஒன்று விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் புதிதாக விண்டோஸ் போட்டவுடனேயே பல கொம்பியூட்டர்களில் ஒரு சத்தமாவது கேட்கிறது.

சரி, இப்போது உங்கள் வீட்டில் சத்தம் இல்லை. வெளியில் இருந்து உள்ளே வாருங்கள்.

ஸ்பீக்கரில் லைட் எரிகிறதா, அதன் சொந்தத் திருகு பூச்சியத்தில் இருக்கிறதா, வயர் பச்சை ஓட்டையில் 'டிக்' என்று முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரோஸ் நிறம் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே எடுப்பதற்கு. கூட்டித் துடைத்தவர்கள் கழன்ற வயரை மாறிக் குத்திவைப்பது அடிக்கடி நடக்கிறது. இயர்ஃபோன் ஓட்டையுள்ள ஃபோன் இருந்தால் அதே ஸ்பீக்கர் வயரை அதில் குத்திப் பாருங்கள். பாட்டு வந்தால் ஸ்பீக்கரும் வயரும் சுகம்.

அடுத்தது அக்கா வீட்டு நோய்: சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று ஐகனில் பார்ப்பது. மொனிட்டர் மட்டுமல்ல, எப்போதோ இணைத்த புளூடூத் ஸ்பீக்கரும் இழுத்துக்கொள்ளும். பக்கத்து அறையில் அலுமாரிக்குள் இருந்த புளூடூத் ஸ்பீக்கர் வகுப்பு முழுவதையும் தனியே கேட்டுக்கொண்டிருந்த கதை எனக்குத் தெரியும். அப்புறம், ஐகனில் வலப்பக்கக் கிளிக் செய்து வொலியூம் மிக்சரைத் திறந்து பாருங்கள். பிரௌசரை மட்டும் யாராவது அங்கே ஊமையாக்கியிருந்தால் மற்றதெல்லாம் கேட்கும், யூடியூப் மட்டும் கேட்காது.

இனி ரீஸ்டார்ட். எல்லோரும் சொல்கிற வைத்தியம்தான், ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 10இலும் 11இலும் ஷட் டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ட்ரைவர்கள் இருந்த நிலையையும் சேர்த்து டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். குழம்பிய ட்ரைவர் குழம்பியபடியே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "மூன்று தரம் நிப்பாட்டிப் போட்டனான் அண்ணை, சரிவருதில்லை" என்று சொல்கிறவர்களிடம் ஒரு தரம் ரீஸ்டார்ட் கொடுங்கோ என்று சொல்லி வேலை முடித்திருக்கிறேன்.

இதுவரைக்கும் சரிவராவிட்டால், எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று. பழைய கன்ட்ரோல் பனலில் சவுண்ட் என்பதைத் திறந்து, பிளேபாக் என்ற பக்கத்துக்குப் போங்கள். பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் நிலைக்குத்தாக ஒரு கோட்டு வரிசை இருக்கும். அது பச்சையாக ஏறி இறங்கினால் விண்டோஸ் தன் பக்கத்து வேலையைச் செய்கிறது. தடக்கல் அதற்குப் பிறகு, பெரும்பாலும் ஓட்டையிலோ வயரிலோ ஸ்பீக்கரிலோ. கோடு அசையாமல் கிடந்தால் சத்தம் அந்த இடத்துக்கே வரவில்லை. செயலியையோ தெரிவையோ பாருங்கள். ஸ்பீக்கர் என்ற பெயரே அந்தப் பட்டியலில் இல்லை என்றால்தான் ட்ரைவர் மேல் என் சந்தேகம் போகும்.

அப்போது டிவைஸ் மனேஜர். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அமத்தினால் வருகிற பட்டியலில் அது இருக்கும். உள்ளே 'சவுண்ட், வீடியோ அன்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற வரியை விரித்துப் பாருங்கள். கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள்; வலப்பக்கக் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரண்டு தரம் கிளிக் செய்து அது சொல்கிற எண்ணை வாசியுங்கள். 28 என்றால் ட்ரைவரே போடப்படவில்லை. 10 என்றால் ட்ரைவர் இருக்கிறது, ஆனால் சாதனத்தைத் தொடக்க முடியவில்லை. 45 என்றால் சாதனம் கொழுவப்பட்டதாகவே தெரியவில்லை. ஃபோர்மட் அடித்த வீடுகளில் நான் அதிகம் காண்பது 28. சத்தத்தைச் சரிசெய்யப் போய்ச் சத்தத்தை இல்லாமல் ஆக்கிய கதை அது.

இந்த இடத்தில் புதியவர்கள் விழுகிற ஒரு குழி உண்டு. அந்தப் பட்டியலில் 'என்விடியா ஹை டெஃபினிஷன் ஓடியோ' என்று ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ட்ரைவர் இருக்கிறதே என்று நினைத்துவிடுவார்கள். அது எச்.டி.எம்.ஐ வயரில் போகிற சத்தத்துக்கான ஆள். பச்சை ஓட்டைக்குப் பொறுப்பானவர் வேறு. மதர்போர்ட்டில் இருக்கிற சிப்பை அநேகமாக ரியல்டெக் என்ற தைவான் கொம்பனிதான் செய்திருக்கும்.

யார் என்று தெரியாத சாதனம் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால் அதன் அடையாள அட்டையைக் கேட்கலாம். ப்ரொப்பர்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வெயார் ஐடீஸ் என்பதைத் தெரிவுசெய்தால் நீளமாக ஒரு வரி வரும். அதில் 'வென்' என்பதற்குப் பிறகு வருகிற நான்கு எழுத்துத்தான் கொம்பனி: 10ஈசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல், 10டிஈ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. இன்டெல்லின் பழைய புகழ்பெற்ற புரொசசரின் எண்தான் அந்த 8086. தங்களுக்கு வேண்டிய எண்ணைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இனித் திருத்துவது. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் போனது என்று உறுதியாகத் தெரிந்தால், அதே ப்ரொப்பர்டீஸில் ட்ரைவர் பக்கத்தில் 'ரோல் பாக் ட்ரைவர்' என்ற பொத்தான் இருக்கும். பழைய ஆளைத் திரும்பக் கூப்பிடுவதுதான் அது. பொத்தான் மங்கலாக இருந்தால் பழையவர் இல்லை. அடுத்த வழிக்குப் போங்கள். அன்இன்ஸ்டோல் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் சாதனத்தைப் புதிதாகக் கண்டு தன்னிடம் இருக்கிற ட்ரைவரைப் போடும். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அன்இன்ஸ்டோல் என்பதால் சிப் எங்கும் போய்விடாது. அதற்கும் அசையாவிட்டால் அப்டேட் ட்ரைவர் என்பதில் கொம்பியூட்டரிலேயே தேடச் சொல்லி, பட்டியலில் இருந்து 'ஹை டெஃபினிஷன் ஓடியோ டிவைஸ்' என்ற பொது ஆளைத் தெரிவுசெய்து பாருங்கள். கொம்பனி ட்ரைவர் குழப்படி செய்கிற இடத்தில் இந்தப் பொது ஆள் அமைதியாக வேலை செய்வதை நான் பல தரம் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நிரந்தரமாக வைத்திருக்க நல்லது உங்கள் மதர்போர்ட் அல்லது லப்டொப் கொம்பனியின் தளத்தில் இருக்கிற ட்ரைவர்தான். சிப் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கொம்பனியும் ஓட்டைகளுக்கு வயர் இழுக்கிற விதம் வேறு. லப்டொப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் மொடல் இருக்கும். மேசைக் கொம்பியூட்டர் என்றால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து 'பேஸ்போர்ட் ப்ரொடக்ட்' என்ற வரியைப் பாருங்கள். சில நூறு எம்பி வரும் கோப்பு என்பதால் இரவு டேட்டா தொடங்கிய பிறகு இறக்குவது புத்தி. இன்டெல் புரொசசர் உள்ள புதிய லப்டொப்களில் சிப்செட் ட்ரைவரையும், அந்தத் தளத்தில் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் முதலில் போட்டுவிட்டு அப்புறம் ஓடியோ ட்ரைவரைப் போடுங்கள்.

'உங்கள் கொம்பியூட்டரில் 37 பழைய ட்ரைவர்கள் இருக்கின்றன' என்று சிவப்பில் வெருட்டுகிற இலவச மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். பொருந்தாத ட்ரைவரைப் போட்டுவிட்டு, கூடவே இரண்டு விளம்பரக்காரரையும் கூட்டிக்கொண்டு வரும். நன்றாக ஓடுகிற ஓடியோ ட்ரைவரைப் புதியது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றவேண்டியதே இல்லை என்பது என் கட்சி. இன்னொன்று: திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் சத்தம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த முறை திரும்ப முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

ட்ரைவர் மஞ்சள் இல்லாமல் சுத்தமாக நிற்கிறது, ஐகனில் மட்டும் சிவப்புப் புள்ளடி என்றால் சேர்விசஸ் என்று தேடித் திறந்து 'விண்டோஸ் ஓடியோ', 'விண்டோஸ் ஓடியோ எண்ட்பொயின்ட் பில்டர்' இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் வடிவாக இல்லை என்பது இன்னொரு முறைப்பாடு. இதில் இரண்டு வகை. பாரமான வேலை ஓடும்போது 'படபட' என்று வெடித்து வெடித்து வந்தால் ட்ரைவர் பக்கத்தைப் பார்க்கலாம். முதலில் சத்தத்துக்கு மெருகூட்டுகிற ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை நிறுத்துங்கள். பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இரைந்தால் அது ட்ரைவரே இல்லை, கரண்ட். எங்கள் வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் மின்சாரம் செக்கனுக்கு 50 தரம் மாறி மாறி அடிக்கிறது. ஏர்த் சரியில்லாத இடத்தில் அந்த அடிதான் ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கிறது. லப்டொப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கூப்பிடவேண்டியது எலெக்ட்ரீஷியனை.

ஊரின் குணமும் கொஞ்சம் இருக்கிறது. சோளகம் அடிக்கிற மாதங்களில் புழுதி எல்லா ஓட்டைக்குள்ளும் போகும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று அந்த ஓட்டையின் உலோகத் தகட்டைக் களிம்பு பிடிக்க வைக்கும். அதன் உள்ளே வயர் குத்தியிருக்கிறதா என்று பார்க்கிற தொடுமுனை ஒன்று இருக்கிறது. அது ஒட்டிப்போனால் லப்டொப் தனக்கு இயர்ஃபோன் போட்டிருக்கிறது என்றே நம்பிக்கொண்டு ஸ்பீக்கரை வாய்மூட வைத்துவிடும். இயர்ஃபோன் ஊசியை மெதுவாகப் பத்துத் தரம் குத்தி எடுத்தால் சில நேரம் விட்டுவிடும். எண்ணெய் விடாதீர்கள்.

மைக் வேலை செய்யாததையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறேன், சூம் வகுப்புக்காரருக்கு அதுதான் அவசரம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, ஃபோனுக்குரிய ஹெட்செட்டின் ஒற்றை ஊசியில் சத்தமும் மைக்கும் சேர்ந்தே இருக்கும். மேசைக் கொம்பியூட்டரில் இரண்டு ஓட்டை வேறு வேறாக இருந்தால் கேட்கும், கதைக்க முடியாது. ஒற்றையை இரண்டாகப் பிரிக்கிற சின்ன வயர் ரவுணில் கொம்பியூட்டர் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும்.

சிப்பே போய்விட்டதா, விண்டோஸ்தான் குழப்புகிறதா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு வழி, லினக்ஸைப் பென் ட்ரைவில் போட்டு இன்ஸ்டோல் பண்ணாமலே ஓட்டிப் பார்ப்பது. அதற்குள் ஓடியோ ட்ரைவர்கள் கூடவே வருகின்றன. அங்கே பாட்டு வந்தால் சிப் நல்லது, விண்டோஸ் பக்கத்தைத் திருத்துங்கள். அங்கேயும் ஊமை என்றால், விண்டோஸுக்கு முன்பே எழும்புகிற பயோஸ் செட்டிங்கில் ஒன்போர்ட் ஓடியோ, அதாவது மதர்போர்ட்டின் சத்தச் சிப், அணைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஆனால் டேட்டா குறைந்தவர்களுக்கு இன்னும் லேசான வழி யூஎஸ்பி சவுண்ட் கார்ட். பெருவிரல் அளவு சாமான். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் இரண்டு ஓட்டை. நான் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அதைக் குத்திச் சத்தம் வந்தால் விண்டோஸ் சுகம், பிரச்சினை மதர்போர்ட் சிப்பிலோ அதன் ட்ரைவரிலோ என்று அரை நிமிடத்தில் தெரியும். சோதனைக்குக் குத்தியதை அப்படியே வைத்திருந்தால் வைத்தியமும் ஆகிவிடும்.

ஐப்பசி மழையில் ஓர் இடி விழுந்த அடுத்த நாள், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவின் கொம்பியூட்டர் ஊமையாகிவிட்டது. மற்றதெல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. லினக்ஸிலும் இல்லை. அந்தச் சின்னச் சாமானைக் குத்தி, அவர் விடியப்புறம் கேட்கிற தேவாரத்தைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, இதுக்கு ட்ரைவர் போடத் தேவையில்லையோ?"

"இல்லை ஐயா. யூஎஸ்பி சவுண்டுக்கு எல்லாக் கொம்பனிக்கும் ஒரே பாஷைதான். அது தெரிஞ்ச ஆள் முந்தியே உள்ளுக்கு இருக்கிறார்."

"அப்ப முதல் சிப்பையும் இந்தப் பாஷையிலேயே செய்திருக்கலாமே?" என்றார்.